ஆயிரத்து இருநூறு, மாற்றமில்லை

அவரிடம் நான் சொன்னேனா இல்லையா என்பது எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. சொன்னதாகவே பல வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த அறையின் வாசல், ஜன்னல் வழியாக மேசையில் விழுந்த வெளிச்சம், அவர் கையிலிருந்த பசைப் புட்டி எல்லாம் ஞாபகத்தில் இருக்கின்றன. நான் வாயைத் திறந்ததும் இருக்கிறது. அதிலிருந்து என்ன வந்தது என்பதுதான் ஒவ்வொரு தடவையும் வேறாக இருக்கிறது. ஆகவே காகிதத்தில் சாட்சி உள்ளவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் பழங்கட்டடப் பாதுகாப்புத் துறையில் தரை பார்ப்பவனாக இருந்தேன். நூறு வயதுக்கு மேற்பட்ட கட்டடங்களின் மரத்தளங்கள் இன்னும் எவ்வளவு பாரம் தாங்கும், எங்கே பலப்படுத்த வேண்டும் என்று பார்த்து எழுதுவது வேலை. கொட்டாப்புளி என்று தச்சர்கள் சொல்லும் மரச்சுத்தி ஒன்று, ஒரு குத்தூசி, ஒரு ரசமட்டம். இவ்வளவுதான் கருவிகள். உத்தரத்தைத் தட்டினால் நல்ல மரம் திருப்பிப் பேசும். உளுத்த மரம் கேட்டுக்கொண்டு சும்மா இருக்கும். அந்தச் சும்மா இருப்பதைக் காது கொடுத்துக் கேட்பதுதான் என் பிழைப்பு. மனிதர்களோடு பேசுவதைவிட எனக்கு அது சுலபமாக வந்தது.

துறையின் தலைமை அலுவலகமே இருநூறு வருடக் கட்டடம். மேல்மாடியில் ஆவண அறை. சுவர்களை ஒட்டி ஆளுயர அலமாரிகள், அலமாரிகளுக்கு இடையில் கட்டுக்கட்டாகக் கோப்புகள். நடுவில் கூரையைத் தாங்கும் ஒரு மரத்தூண். அதில் இடுப்புக்குக் கொஞ்சம் மேலே ஒரு பித்தளை ஆணி. தரை தொய்கிறதா என்று கண்காணிக்க முப்பது வருடத்துக்கு முன் அடித்தது.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை, திங்கட்கிழமை பதினோரு மணிக்கு, அந்த ஆணி முன்னால் நாங்கள் கூடுவோம். நான் செருப்பைக் கழற்றிவிட்டு அளவுகோலை ஆணியிலிருந்து தரைக்கு நிறுத்தி, உரக்க, "ஆயிரத்து இருநூறு" என்பேன். மில்லிமீட்டர். துணை இயக்குநர் பதிவேட்டைப் பார்த்து, "மாற்றமில்லை" என்பார். சாட்சியாக வந்தவர், "பதியப்பட்டது" என்பார். பிறகு ஒரு நிமிடம் எல்லோரும் அசையாமல் நிற்போம். மை உலரும்வரை நிற்க வேண்டும் என்பது விதி. பேனா மாறி, நொடியில் உலரும் மை வந்தபிறகும் அந்த நிமிடம் அப்படியே இருந்தது. சில பெண் ஊழியர்கள் அதில் கண்ணை மூடிக்கொள்வார்கள்.

நான் அதை நான்கு வருடம் செய்தேன். எனக்கு முன்னால் இருபத்தாறு வருடம் செய்தவர் பஞ்சுக்கால். பலகைகளுக்கு வலிக்கக் கூடாதென்று காலுறையோடு மட்டுமே நடப்பாராம், அதனால் அந்தப் பெயர். வேலையில் இருக்கும்போதே நோயில் இறந்துபோனார். கடைசி வாரங்களில் தினமும் அந்தத் தூணுக்கு எதிரில் வெகுநேரம் நின்றுகொண்டிருப்பார் என்று சொல்வார்கள். என்ன சார் என்று கேட்டால் ஆணியையே பார்த்துக்கொண்டு நிற்பாராம்.

ஆவண அறைக்கு நேர் கீழே நகல் பிரிவு. அங்கேதான் என் அக்கா வேலை பார்த்தாள். என்னைவிட ஒன்பது வயது மூத்தவள். எனக்குச் சோறு ஊட்டியது, வேலை வாங்கிக் கொடுத்தது எல்லாம் அவள்தான். அறையின் நடுவில், ஜன்னலுக்கு நேராக அவள் மேசை. ஒருநாள் மதியம் சாப்பாட்டுப் பாத்திரத்தை மூடிக்கொண்டே கேட்டாள்.

"டேய், சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேல மாடியில யாருடா இருக்கிறது?"

"யாருமில்ல. அஞ்சுக்கெல்லாம் நான்தானே பூட்டுறேன்."

"அப்ப நடக்கிறது யாரு?"

"எலியா இருக்கும்."

"பதினேழு அடி எண்ணி வச்சு, ஒரே பக்கமா நடக்கிற எலியா? நான் எண்ணிட்டேன்டா. தினமும் அஞ்சு அஞ்சுக்கு. பதினேழு. அப்புறம் நின்னுடும்." பாத்திரத்தைப் பைக்குள் வைத்தாள். "பஞ்சுக்காலாத்தான் இருக்கும். நம்ம ஆபீஸ்ல செத்தாத்தான் நேரத்துக்கு வேலைக்கு வருவாங்க போல."

சிரித்தோம். அன்று மாலை அவளோடு அந்த அறையில் உட்கார்ந்திருந்தேன். இந்த மாதிரிச் சத்தத்துக்கு என்னிடம் ஒரு விளக்கம் உண்டு. பகலில் மிதிபட்ட பலகைகள் சூடு இறங்கியதும் மிதித்த வரிசையிலேயே மேலெழும்பும். கேட்பவர்களுக்கு யாரோ நடப்பது போல இருக்கும். பல வீட்டுக்காரர்களுக்கு அதைச் சொல்லி நிம்மதியாகத் தூங்க வைத்திருக்கிறேன்.

ஐந்து ஐந்துக்குச் சத்தம் வந்தது. கதவிலிருந்து, மெத்தென்று, செருப்பில்லாத கால். அக்கா விரல் விட்டு எண்ணினாள். பதினேழில் நின்றது. அதன்பிறகு வந்த அமைதி எனக்குப் பழக்கமான அமைதி. உளுத்த மரம் கேட்டுக்கொண்டு சும்மா இருக்கும் அமைதி.

அன்று ஆவண அறையைக் காலையிலிருந்து யாருமே திறக்கவில்லை என்பது வீட்டுக்குப் போகும் வழியில்தான் உறைத்தது.

மறுநாள் மாலை மேலே போய்க் கதவிலிருந்து காலுறையோடு பதினேழு அடி நடந்தேன். தூணுக்கு எதிரில் வந்து நின்றேன். பித்தளை ஆணி என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. பிறகு, அவசரமில்லாமல், அது விளங்கியது.

அந்தத் தூண் தரைமீதுதான் நிற்கிறது. தரைக்குக் கீழே ஓடும் நடு உத்தரத்தின்மீது. உத்தரம் இறங்கினால் தரை இறங்கும், தூண் இறங்கும், தூணோடு ஆணியும் இறங்கும். ஆணிக்கும் தரைக்கும் இடையே உள்ள தூரம் உலகம் அழியும்வரை ஆயிரத்து இருநூறுதான். மூழ்கும் படகில் உட்கார்ந்துகொண்டு, படகின் அடியிலிருந்து விளிம்புவரை அளந்து, முழுகவில்லை என்று முப்பது வருடமாக எழுதிக்கொண்டிருந்தோம். நான் மட்டும் பதினாறு தடவை.

பஞ்சுக்கால் கடைசி வாரங்களில் அங்கே ஏன் நின்றார் என்பதும் விளங்கியது.

அடுத்த நாள் அக்கா முக்காலியைப் பிடித்துக்கொள்ள, நகல் பிரிவின் பொய்க்கூரையில் இரண்டு பலகைகளைக் கழற்றினேன். சுவருக்குச் சுவர் நூல் கட்டிப் பார்த்தேன். நடு உத்தரம் அறுபத்தொரு மில்லிமீட்டர் இறங்கியிருந்தது. உத்தரத்தின் முனை வெளிச்சுவருக்குள் நுழையும் இடத்தில் மழைநீர் எத்தனையோ வருடமாக இறங்கியிருக்கிறது. அங்கே குத்தூசியை வைத்தேன். அழுத்தவில்லை, வைத்தேன். கைப்பிடிவரை போனது.

"என்னடா மூஞ்சி இப்படிப் போகுது?"

"அக்கா, நீ இந்த இடத்தில உட்காராதே."

"வேற எங்க உட்கார? இருக்கை வரைபடத்தில இயக்குநர் கையெழுத்துப் போட்டிருக்கார். தள்ளி உட்கார்ந்தா ஆள் வரலன்னு போடுவாங்க."

"மேல இருக்கிறது உன் தலையில விழும்க்கா."

"விழுந்தாலும் என் இடத்தில இருந்தேன்னு பதிவாகும் இல்ல?" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்து, "சரி சரி, போய் எழுதிக் கொடு. அதுக்குத்தானே உன்ன வச்சிருக்காங்க" என்றாள்.

எழுதிக் கொடுத்தேன். கோப்புகளை உடனே இறக்க வேண்டும், உத்தரத்துக்குக் கீழே இரண்டு இடத்தில் முட்டுக் கொடுக்க வேண்டும், அதுவரை நகல் பிரிவில் யாரும் உட்காரக் கூடாது. நேர்மையாக இருக்க வேண்டுமென்ற எண்ணத்தில், தவறு எப்படித் தெரியவந்தது என்பதற்கு நான்காவது பத்தியில் காலடிச் சத்தத்தையும் குறிப்பிட்டுவிட்டேன். அறிக்கைக்கு ஆறு பிரதி எடுத்தார்கள். ஆறும் ஆவண அறையில் வைக்கப்பட்டன.

துணை இயக்குநரை எல்லோரும் அடிக்குறிப்பு என்போம். எந்தக் காகிதத்திலும் கீழே ஒன்று சேர்க்காமல் விடமாட்டார். என்னைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார்.

"நூல் கட்டிப் பார்த்தேன்னு எழுதியிருக்கீங்க தம்பி. என்ன நூல்?"

"சாதாரண நூல் சார். தச்சருங்க கட்டுறது."

"நம்ம துறையில நூலுக்குத் தரநிர்ணயம் கிடையாதே. ஆணிக்கு உண்டு. நூத்தியிருபது தடவை சரின்னு வந்தது, ஒரு நூலால தப்பாயிடுமா?"

"சார், ஆணி தரையோட சேர்ந்து இறங்குது."

"சேர்ந்து இறங்குதுன்னா ரெண்டும் இணக்கமா இருக்குன்னுதானே அர்த்தம்?"

அவர் பக்கத்தைத் திருப்பினார். அங்கேதான் அவர் கண் விரிந்தது.

"இதுதான் கவலையா இருக்கு. நாலாவது பத்தி. அலுவலக நேரத்துக்கு அப்புறம் மாடியில ஒருத்தர் நடக்கிறார்ங்கிறீங்க. அனுமதி வாங்கியிருக்காரா?"

அறுபத்தொரு மில்லிமீட்டர் அத்தோடு காணாமல் போனது. காலடி ஓசை ஆய்வுக்குழு என்று ஒன்று அமைந்தது. ஏழு பேர். முதல் கூட்டத்தில் அவரை 'பதிவில் இல்லாத பயனாளர்' என்று அழைப்பதென முடிவாயிற்று. இரண்டாம் கூட்டத்தில் அவரால் தரைக்கு ஏறும் பாரம் எவ்வளவு என்ற கேள்வி வந்தது. பஞ்சுக்காலின் பணிப்பதிவேட்டை எடுத்துப் பார்த்தார்கள். கடைசி மருத்துவப் பரிசோதனையில் ஐம்பத்தெட்டு கிலோ. இறந்தபின் எடை கூடியிருக்குமா குறைந்திருக்குமா என்று ஒன்றரை மணி நேரம் பேசினார்கள். பாதுகாப்புக் கருதி அதே எடையை வைத்துக்கொள்வதென்றும், காலுறை மட்டும் அணிவதால் செருப்பின் எடையைக் கழித்துக்கொள்வதென்றும் தீர்மானித்தார்கள். ஆவண அறைக் கதவில் ஓர் அறிவிப்பு ஒட்டப்பட்டது: மாலை ஐந்து மணிக்கு மேல் இங்கு நடமாட விரும்புவோர் மூன்று நாள் முன்னதாக எழுத்தில் விண்ணப்பிக்கவும்.

அன்று மாலையும் ஐந்து ஐந்துக்குப் பதினேழு அடி கேட்டது. அக்கா மேலே பார்த்து, "விண்ணப்பம் போட்டாச்சா சார்?" என்று கேட்டாள். அவள் குரல் முன்போல இல்லை.

மூன்றாம் கூட்டத்தில் நான் எழுந்து, முட்டுகளைப் பற்றிக் கேட்டேன். இயக்குநர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நல்ல குரல் அவருக்கு.

"முட்டுக் கொடுக்கிறதுல எனக்கு ஆட்சேபணை இல்ல. ஆனா பாருங்க, அது வரலாற்று அறை. அங்க ரெண்டு கட்டையை நிறுத்தினா அழகு என்னாகும்? கட்டடத்தோட காலத்துக்குப் பொருந்தற மாதிரி, வேலைப்பாடோட, வடிவமைப்புக் குழு வரைஞ்சு தரட்டும். பதினாலு மாசம் ஆகும், ஆகட்டும். இந்தக் கட்டடம் இருநூறு வருஷமா நிக்குது. ஏன் நிக்குது? நாம யாரும் அதைத் தொடல, அதனால. நம்ம துறையோட சாதனையே அதுதான். எத்தனை பேருக்கு எதையும் செய்யாம இருக்கிற கட்டுப்பாடு வரும்?"

கைதட்டினார்கள்.

பதினான்கு மாதம். நான் தினமும் ஒருதடவை நகல் பிரிவுக்குப் போய் முக்காலியில் ஏறி நூலைப் பார்ப்பேன். அறுபத்து மூன்று. அறுபத்தாறு. அக்கா தலைக்கு மேலே பார்ப்பதை நிறுத்திவிட்டாள். அவள் மேசைமீது சில காலைகளில் மெல்லிய மரத்தூள் கிடந்தது. கையால் துடைத்துவிட்டு வேலையைத் தொடங்குவாள். ஒருநாள் அந்தத் தூளைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் மேசையைப் பார்த்தேன். கருமரம். கால்களில் கடைசல் வேலை. கட்டடம் கட்டியபோதே செய்தது, இழுப்பறைக்கு அடியில் பதிவெண் இருந்தது.

அன்று மதியமே ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தேன். அக்காவைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. மேலிருந்து உதிரும் தூளால் வரலாற்று மதிப்புள்ள மேசை ஒன்றின் மெருகு கெடுகிறது என்று மட்டும்.

ஒரு மணி நேரத்தில் நான்கு பேர் கம்பளிகளோடு வந்தார்கள். அடிக்குறிப்பே நேரில் வந்து, "மெதுவா, மெதுவா, கால் இடிக்கப் போகுது" என்று பதறினார். மேசைக்குக் கம்பளி சுற்றி, நோயாளியைத் தூக்குவது போலத் தூக்கிக்கொண்டு கீழ்த்தளத்துக்குப் போனார்கள். ஊழியர் அவரவர் மேசையில்தான் உட்கார வேண்டும் என்பது விதி. ஆகவே அக்கா நாற்காலியைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனாள். படியில் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"இருபத்திரண்டு வருஷ சர்வீஸ்டா. நாலு காலோட பிறந்திருக்கலாம்."

அன்று இரவு பல வாரங்களுக்குப் பிறகு நன்றாகத் தூங்கினேன். இதையும் எழுதத்தான் வேண்டும்.

நகல் பிரிவில் மற்றவர்களின் மேசைகள் ஓரச் சுவர்களை ஒட்டி இருந்தன. நடுவில் காலியான இடம் இருக்கை வரைபடத்தில் வெறும் கட்டமாகத் தெரிந்தது. வரைபடத்தில் வெறும் கட்டம் இருக்கக் கூடாது. இது எனக்குத் தெரியும். மேசையைப் பற்றி எழுதும்போதும் தெரிந்திருக்க வேண்டும்.

இரண்டாம் நாள் தபால் பதிவாளரை அங்கே போட்டார்கள். பதினோரு வருடமாக வராந்தாவில், கழிப்பறைக் கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கடிதங்களுக்கு எண் போட்டுக்கொண்டிருந்தவர். ஓய்வுபெற ஒன்றரை வருடம் இருந்தது. ஜன்னல் உள்ள இடம் வேண்டுமென்று வருடத்துக்கு ஒரு விண்ணப்பம் போடுவார். பதினோரு விண்ணப்பங்களும் ஆவண அறையில் பத்திரமாக இருந்தன.

நான் போனபோது வராந்தாவிலிருந்து கொண்டுவந்த தகர மேசையைத் துடைத்து, பசைப் புட்டியை எங்கே வைப்பது என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாங்க தம்பி, வாங்க. உங்க அக்கா இடமாமே. புண்ணியவதி. காத்து எப்படி வருது பாருங்க! காகிதமெல்லாம் பறக்குது. வராந்தாவுல இந்தத் தொல்லையே இல்ல." சந்தோஷமாக அலுத்துக்கொண்டார். "பாரம் வைக்க ஏதாவது இருக்கா உங்ககிட்ட?"

நான் வாயைத் திறந்தேன்.

ஒரு ஞாபகத்தில், "சார், இந்த இடம் வேண்டாம் சார்" என்கிறேன். அவர் சிரித்து, "தம்பி, பதினோரு வருஷம் கக்கூஸ் வாசல்ல இருந்தவனுக்கு இதைவிட எது ஆபத்து?" என்கிறார். இன்னொரு ஞாபகத்தில் பையைத் துழாவி, மரம் அறுத்து மிச்சமான ஒரு கட்டையை எடுத்துக் கொடுக்கிறேன். உள்ளங்கை அளவு, நல்ல கடினமான மரம். அவர் அதைக் கையில் எடை பார்த்து, "கனமா இருக்கே, இது போதும்" என்கிறார். கட்டை கொடுத்தது உண்மை. அது பிறகு கிடைத்தது.

அந்த மாதக் கடைசித் திங்கட்கிழமை, ஆணி அடித்து முப்பதாம் ஆண்டு நிறைவு. ஒரு மில்லிமீட்டரும் அசையாத தரைக்கு விழா. வேண்டாம் என்று இரண்டு தடவை எழுதினேன். பன்னிரண்டு பிரதிகள் மேலே போயின. இயக்குநர், ஆய்வுக்குழு, வடிவமைப்புக் குழு என்று என்னோடு சேர்த்து முப்பத்தொரு பேர் ஆவண அறையில் தூணைச் சுற்றி நின்றார்கள். நான் அளவுகோலை வைத்தேன். காலுறைக்குக் கீழே பலகை லேசாக மூச்சு வாங்குவது தெரிந்தது. "ஆயிரத்து இருநூறு" என்றேன். முப்பது பேரும் சேர்ந்து, "மாற்றமில்லை" என்றார்கள். மை உலரும்வரை நின்றோம். அந்த நிமிடத்தில், நான் சொல்வதை யார் நம்பினாலும் நம்பாவிட்டாலும், எங்களில் ஒருவர் அதிகமாக நிற்பது போல இருந்தது. தலையை எண்ணினேன். முப்பத்தொன்றுதான். ஆனாலும் தூணுக்கு எதிரில் ஓர் ஆள் நிற்கும் அளவு இடத்தை எல்லோரும் விட்டிருந்தார்கள். யாரும் அப்படி விடச் சொல்லவில்லை.

ஒன்றும் நடக்கவில்லை. எல்லோரும் இறங்கிப் போனார்கள்.

மாலை ஐந்து மணிக்கு எல்லோரும் கிளம்பினார்கள். தபால் பதிவாளர் மட்டும் தாமதமாகத்தான் கிளம்புவார். ஜன்னல் வெளிச்சம் ஐந்தரைவரை இருக்கும், அதை விட்டுப்போக மனம் வராது என்பார். நான் வெளிவாசலில் அக்காவுக்காகக் காத்திருந்தேன். அவள் வந்தாள். இரண்டு பேரும் எதற்கோ நின்றோம். ஐந்து ஐந்து.

எண்ணத் தொடங்கியது நானா அவளா என்று தெரியாது. வாசல்வரை அந்தச் சத்தம் கேட்காது, ஆனாலும் எண்ணினோம். பதினேழில் மாடி இடிந்து விழும் சத்தம் வந்தது.

விசாரணைக்குழு மறுநாள் காலை வந்தது. நகல் பிரிவு முழுக்கக் காகிதம். முப்பது வருடக் காகிதம், உத்தரம், பலகை. குவியலின் உச்சியில், உடைந்த உத்தரத் துண்டோடும் நான்கு பலகைகளோடும், தூண் நிமிர்ந்தே நின்றது. பித்தளை ஆணி மின்னியது. அடிக்குறிப்பு என்னைப் பார்த்தார். நான் அசையவில்லை. அவரே அளவுகோலை வாங்கிக் குவியல்மீது ஏறி ஆணியிலிருந்து பலகைக்கு வைத்தார்.

"ஆயிரத்து இருநூறு."

பழக்கத்தில் யாரோ, "மாற்றமில்லை" என்றார்கள்.

தரையில் குறையில்லை, பதிவில் இல்லாத பயனாளர் அனுமதியின்றி நடமாடியதே காரணம் என்று அறிக்கை முடிந்தது. நூல் கட்டி எடுத்த அளவுகளைத் தேடினேன். ஆறு பிரதிகளும் குவியலில் இருந்தன.

பிறகு ஒருநாள் அக்காவிடம் கேட்டேன்.

"நான் அவர்கிட்ட சொன்னேன்தானே? அன்னைக்கு நீயும் அந்த ரூம் வாசல்ல நின்னியே."

அவள் சாப்பாட்டுப் பாத்திரத்தை மூடினாள்.

"நீ சொல்லல. கட்டையைக் குடுத்துட்டு வந்துட்ட. நானும் சொல்லல. மறந்து விட்டுட்டுப் போன என் பேனாவை எடுத்துட்டுப் போகத்தான் வந்தேன். எடுத்துட்டுப் போயிட்டேன்."

இயக்குநர் இதைவிடப் பழைய கட்டடம் ஒன்றுக்கு மாற்றப்பட்டார். அடிக்குறிப்பு இயக்குநரானார். வடிவமைப்புக் குழு பதினான்காம் மாதம் வேலைப்பாடுள்ள முட்டுகளின் வரைபடத்தைத் தந்தது, அழகாக இருந்தது. மேசையின் மெருகுக்கு ஒன்றும் ஆகவில்லை, அக்கா இன்னும் அதில்தான் உட்காருகிறாள். நான் வேலையை விட்டுவிட்டேன். வீடுகளுக்குத் தரை பார்க்கிறேன், பலகைகள் ஏன் தானாக நடக்கின்றன என்று யாருக்கும் விளக்கம் சொல்வதில்லை. ஆவண அறைக்குத் தரை கிடையாது, பூட்டியிருக்கிறது. ஐந்து ஐந்துக்கு அங்கே பதினேழு அடி கேட்கிறது என்றும், நின்றதும் கீழே ஒரு தகர மேசை ஜன்னல் பக்கம் நகரும் சத்தம் கேட்கிறது என்றும் அக்கா சொல்கிறாள்.

தபால் பதிவாளர் மூன்றாம் நாள் மருத்துவமனையில் இறந்தார். இருக்கை வரைபடத்தில் அந்தக் கட்டத்தில் அவர் பெயரே இருக்கிறது. அவர் சட்டைப் பையிலிருந்த கட்டையை என்னுடையதென்று அடையாளம் கண்டு யாரோ கொண்டுவந்து கொடுத்தார்கள். நான் அதைத் தட்டிப் பார்க்கவில்லை.